மூன்றாவது குழி

இலையையும் காம்பையும் நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின்
திங்கட்கிழமை படுத்துவிட்டது.
அதற்காக ஒசாகாவிலிருந்து வந்தவர் மொரிதா.
சட்டைப் பையில் நாலு பேனா.
கோத்தகிரிக் குளிருக்கு அசரவில்லை,
எங்கள் ஃபேக்டரி நாய்க்கு மட்டும் கொஞ்சம் பயந்தார்.

போனது ஒரே ஒரு கெப்பாசிட்டர்.
குன்னூரில் கிடைக்கவில்லை.
மேட்டுப்பாளையத்தில் கேட்டால் நாளை என்றார்கள்.
தம்பி கடையில் இருக்கும், வாங்க என்றேன்.
டானிங்டன் இறக்கம், கோழிக்கடைக்கு மேலே,
யோகா டிவி ஒர்க்ஸ்.

யோகராசா ஒரு டிவியைச் சரிபண்ணினால்
அதில் முதலில் போடுவது அந்த மஞ்சள் கேசட்.
சிவப்புக்குத் தபால்காரன் குடை,
நீலத்துக்கு வானம்,
பச்சைக்கு மலை.
மூன்றும் ஒழுங்காக வந்தால் பில் எழுதுவான்.
அறுபத்துநாலு கேம் என்று ஸ்டிக்கர். எண்ணிப் பார்த்திருக்கிறோம்,
ஒன்பது.

மொரிதா கெப்பாசிட்டரை மறந்தார்.
திரையின் அடியில் இருந்த கம்பெனிப் பெயரை
விரலால் தொட்டார், சுடுகிறதா என்று பார்ப்பவர் மாதிரி.
அவர் ஊர்க் கம்பெனி.
பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து அந்தக் கட்டடம் தெரியுமாம்.
ஆனால் இந்த விளையாட்டை
அவர் பார்த்ததில்லை. அங்கே யாரும் பார்த்ததில்லை.
செய்து, பெட்டியில் போட்டு, கப்பலேற்றிவிட்டார்கள்;
உள்ளூரில் ஒன்றுகூட விற்கவில்லை.

ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான் தம்பி.
முதல் குழியில் விழுந்தார்.
முதல் குழியிலேயே மறுபடி.
"ஓடிக்கிட்டே குதிக்கணும் சார், நின்னு குதிச்சா செத்தோம்."
தமிழில்தான் சொன்னான். புரிந்துவிட்டது.
கடைசியில் வரும் பருந்துக்கு நாங்கள் வைத்த பேர் கங்காணி.
அதை எப்படிச் சொல்வது, விட்டுவிட்டேன்.

முடிவில் ஓடும் பெயர்களைச்
சின்ன வயதில் ஊர்ப் பெயர்கள் என்று நினைத்திருந்தோம்,
தபால்காரன் தாண்டி வந்த ஊர்கள்.
யோகராசா பதினோரு நிமிடத்தில் முடித்துக் காட்டினான்.
மொரிதா வாசித்தார். எல்லாம் பட்டப்பெயராம்,
சொந்தப் பேர் போட அன்று அனுமதியில்லையாம்.
ஒன்றைப் பார்த்துச் சிரித்தார்.
ஏனென்று கேட்கவில்லை.

எனக்கு அப்பாவின் குடும்பக் கார்டு ஞாபகம் வந்தது.
ஹட்டனில் பிறந்த மனுஷன்.
கப்பலில் ஏற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கி,
மண்டபம் முகாமில் கையில் கொடுத்த அட்டையில்
'தாயகம் திரும்பியோர்.'
நான் இப்பத்தானே மொத தடவ வர்றேன் என்றாராம் அப்பா.
கிளர்க் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாராம்.
போகாத ஊருக்கு வழி கேட்பது பழமொழி.
போகாத ஊருக்குத் திரும்பி வந்தது
எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, லேமினேட் செய்து.

இதையெல்லாம் மொரிதாவிடம் சொல்லவில்லை.
என் இங்கிலீஷ் தேயிலை வரைக்கும்தான் வரும்.

கீழேயிருந்து டீ வந்தது. டஸ்ட் டீ, இஞ்சி தட்டிப் போட்டது.
உங்கள் ஃபேக்டரி டீயா என்றார்.
இல்லை சார், அது கொச்சி போய்க் கப்பலேறும்.
எப்படி இருக்கும் என்றார்.
இலையாகப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டாகப் பார்த்ததில்லை.
அவர் "ஆ" என்றார்,
நீளமாக, மூக்கால்.

போகும்போது கேசட்டை விலைக்குக் கேட்டார்.
ஆயிரம். அப்புறம் மூவாயிரம்.
யோகராசா தலையாட்டினான்:
"டிவி செக் பண்ண வேற கேசட் இல்லைங்க சார்."
கெப்பாசிட்டருக்குப் பதினெட்டு ரூபாய் மட்டும் வாங்கினான்.

சரி, கடைசியாக ஒரு தடவை என்று உட்கார்ந்தார் மொரிதா.
முதல் குழி தாண்டினார். இரண்டாவது தாண்டினார்.
மூன்றாவதுக்கு ஓடி வருகிறான் தபால்காரன்,
குடை விரிய, பையில் யாருக்கோ ஒரு கடிதம்,
கால் தரையை விட்டுவிட்டது.

அப்போது ஓரசோலை டீச்சர் படியேறி வந்து
"என் டிவி ரெடியா?" என்றார்.
தம்பி பிளக்கைப் பிடுங்கினான்.